பியசீலியின் கண்ணாடி திரும்பி வராது

தலகஹவெலப் பகுதியில் கல்யாணமான எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பியசீலியைத் தெரியும் என்பாள். சிலர் அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் பியசீலியை முதன்முதலில் பார்த்தது மல்லாந்து படுத்தபடி, பாவாடையை இடுப்புக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு. சுகாதார அலுவலகத்தின் பின்கட்டில் புதன்கிழமைதோறும் நடக்கும் பெண்கள் கிளினிக்கில் அவள் உதவியாள். தரை துடைப்பது, இரும்புச் சாமான்களை வெந்நீரில் அவிப்பது, கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவது என்பதுதான் சம்பளத்துக்கான வேலை. அவள் உண்மையில் செய்த வேலை வேறு. நடுங்குகிற பெண்ணின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நங்கி, தங்கச்சி என்று பேசி அவளைச் சிரிக்க வைப்பாள்.

"கண்ணை மூடாத நங்கி. மேல பாரு. அந்தப் பல்லி தெரியுதா? ஊர்ல உள்ள எல்லாருடையதையும் பாத்திருக்கு. இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல."

பெண் சிரிப்பாள். சிரித்தால் உடம்பு இளகும். இளகியதும் கிளினிக் நர்ஸ் ஹேமமாலி சிஸ்டர் தன் வேலையை முடித்துவிடுவார்.

முப்பத்தைந்து வயதானவர்களையும் நாற்பத்தைந்து வயதானவர்களையும் மருத்துவச்சிகள் வீடுவீடாகப் போய் அந்தக் கட்டிலுக்குக் கூப்பிட்டு வருவார்கள். கர்ப்பப்பை வாயில் மரக்குச்சியால் ஒரு சுற்றுச் சுற்றி, வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, காய்வதற்குள் ஸ்பிரிட்டில் போட வேண்டும். கண்ணாடி டவுன் ஆஸ்பத்திரி லெப்புக்குப் போகும். அங்கே லெப்காரர் சிறிபால மாத்தயா அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கெட்டுப்போகத் தொடங்கிய உயிரணு ஏதாவது உண்டா என்று சொல்வார். புற்று முளைப்பதற்குப் பல வருடம் முன்பே பிடித்துவிடலாம். நல்ல ஏற்பாடு, அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

பியசீலிக்கு அந்த வேலை கிடைத்தது அவள் புருஷன் புண்ணியத்தில். அலுவலகத்து ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒரு மழை நாளில் பாலத்தோடு போய்விட்டான். பரிதாபப்பட்டு அவளுக்கு விளக்குமாறு கொடுத்தார்கள். அதற்கு முன்பு செங்கல் சூளையில் வேலை பார்த்தவள், அதனால் கை முரடு. வாய் அதைவிட முரடு. பிள்ளை கிடையாது. வெற்றிலை உண்டு. வியாழக்கிழமை காலை கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவாள். கண்டக்டர் பையன் ஒவ்வொரு வாரமும் கேட்பான்.

"என்ன அக்கா, பெட்டியில கேக்கா?"

"ஆமா, கல்யாண கேக். உனக்கும் ஒரு துண்டு வேணுமா? உள்ள என்ன இருக்குன்னு சொன்னா இன்னைக்குச் சோறு உள்ள போகாது."

ஹேமமாலி சிஸ்டர் கெட்டவர் இல்லை. இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை. கிளினிக்கின் பலவீனம் அவருடைய கை. பெண் பயந்தால் அவருக்கும் பயம் வரும். பயம் வந்தால் அழுத்துவார், அழுத்தினால் ரத்தம் வரும். ரத்தம் படிந்த கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இல்லையென்றால் யாரோ கதவைத் தட்ட, பேசிவிட்டுத் திரும்புவதற்குள் கண்ணாடி காற்றில் காய்ந்து போகும். அப்படிப்பட்ட கண்ணாடிகளை லெப் திருப்பி அனுப்பிவிடும். எந்தக் கிளினிக்கில் இருந்து எவ்வளவு திரும்பி வந்தது என்று மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ஒரு மாதம் தலகஹவெல முதலாவதாக வாசிக்கப்பட்டது. மாவட்டச் சுகாதார அதிகாரி சிஸ்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். சிஸ்டர் திரும்பி வரும் வழியெல்லாம் ஜீப்பில் அழுதார்.

அடுத்த புதன்கிழமை கார்மென்ட்ஸில் வேலை செய்கிற ஒருத்தி வந்தாள். அரைநாள் லீவு கூடச் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தவள். பியசீலி பல்லியைக் காட்டியும் அவள் இளகவில்லை. கண்ணாடி முழுக்க ரத்தம். அவள் பாவாடையை உதறிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். சிஸ்டர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அதைக் குப்பை வாளியில் போட்டார்.

"ஏறு கட்டில்ல."

"யாரு, நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? பல்லியையா கூப்பிடுறேன்?"

பியசீலிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "என்ன சிஸ்டர், என்னோடது எதுக்கு?"

"அவ மறுபடி வரமாட்டா. இதத் திருப்பி அனுப்பினா அடுத்த கூட்டத்துல என் மானம் போகும். நல்ல ஆரோக்கியமான பொம்பள அவ, உன்ன மாதிரி. ரிப்போர்ட் நல்லதுன்னுதான் வரப்போகுது. யாரோடதா இருந்தா என்ன?"

பியசீலி ஏறிப் படுத்தாள். பயமில்லாத உடம்பு, முரட்டு உடம்பு. சிஸ்டரின் கையும் அன்றைக்கு நடுங்கவில்லை. லெப்பில் இருந்து நல்ல ரிப்போர்ட் வந்ததோடு, இவ்வளவு சுத்தமான கண்ணாடி இந்த வருடம் பார்த்ததில்லை என்று சிறிபால மாத்தயா போனிலும் சொன்னாராம். சிஸ்டர் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்து பியசீலிக்குப் பாதி கொடுத்தார்.

"உன் கண்ணாடி திரும்பி வராது பியசீலி. அப்பிடி ஒரு அமைப்பு உனக்கு."

பாராட்டு என்று ஒன்றை வாழ்க்கையில் கேட்டறியாத பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாளாம்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. கண்ணாடி சரியில்லை என்று சிஸ்டருக்குப் பட்டால், அந்தப் பெண் படியிறங்கியதும் கதவு சாத்தப்படும். பியசீலி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் ஏறுவாள். "இன்னைக்கு நான் யாரு சிஸ்டர்?" என்று கேட்பாள். ஒரு நாள் தபாலாபீஸ் மாஸ்டர் பெண்சாதி, ஒரு நாள் பேக்கரி நோனா, ஒரு நாள் பௌத்த பன்சலைக்குப் பக்கத்து வீட்டு டீச்சர். டீச்சராக இருந்த அன்றைக்கு, "கொஞ்சம் மரியாதையாச் செய்யுங்க, நான் படிச்சவ" என்றாள். சிஸ்டரே சிரித்துவிட்டார். நல்ல ரிப்போர்ட்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பியசீலிதான். அவள் கைராசிக்காரி என்று பெயர் வந்தது. ஒருத்தி வாழைப்பழச் சீப்புக் கொடுப்பாள், ஒருத்தி பாற்சோறு கொடுப்பாள். அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். ரிப்போர்ட் அவளுடையதுதானே.

தலகஹவெல கிளினிக்கில் கண்ணாடி திரும்புவதே இல்லை என்று மாவட்டத்தில் பரிசு கொடுத்தார்கள். தலையில் சேவல் வைத்த ஆளுயரப் பித்தளை விளக்கு. அதை முன் ஹாலில் நிறுத்தினார்கள். வாராவாரம் கொறக்காப்புளி போட்டுத் தேய்ப்பது பியசீலியின் வேலை. தன் இடுப்புக்குக் கீழே உள்ளதால் கிடைத்த பரிசைத் தானே குனிந்து தேய்த்தாள், அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்களுக்குக் குடுத்தது" என்பாள்.

அவளுக்கே நாற்பத்தைந்து வந்தபோது, பட்டியலில் தன் பெயர் வருமே என்று ஒரு புதன்கிழமை கேட்டாள். சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"உனக்கெதுக்குத் தனியா ஒண்ணு? இந்த நாட்டிலேயே அதிகமா டெஸ்ட் எடுத்த பொம்பள நீதான்."

பியசீலிக்கு அது சரியாகத்தான் பட்டது.

நிலந்தியும் அவள் அக்கா குசுமாவும் ஒரே நாளில் வந்தார்கள். நிலந்தி கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைப்பவள், முப்பத்தைந்து. ஒரு மகள் இருக்கிறாள், இன்னொரு பிள்ளைக்காகப் பன்சலையில் நேர்ந்துகொண்டிருந்தாள். குசுமா பத்து வருடம் மூத்தவள், வீட்டு வாசலில் இடியப்பம் அவித்து விற்பவள். நிலந்தி கட்டிலில் விறைத்துப்போனாள், ரத்தம் வந்துவிட்டது. குசுமாவுடையது ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் சிஸ்டர் போனை எடுக்கப் போன நேரத்தில் கண்ணாடி தட்டிலேயே கிடந்து காய்ந்தது. அக்காவும் தங்கையும் ஒரு குடையில் சேர்ந்து வெளியே போனார்கள். இரண்டு கண்ணாடியும் வாளிக்குப் போயின. பியசீலி படுத்தாள். முதலில் நிலந்தியானாள், சிஸ்டர் புதுக் குச்சி எடுத்ததும் அப்படியே படுத்தபடி குசுமாவானாள்.

ரிப்போர்ட் வந்தபோது குசுமாவுக்கு நல்லது. நிலந்திக்கு மோசம், சாதாரண மோசம் இல்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தது.

சிஸ்டர் கதவைச் சாத்தினார். பியசீலி விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் படுக்க வேணாம்," என்றார் சிஸ்டர். "உட்காரு. நிலந்தியோடது மோசம்னு வந்திருக்கு."

"நிலந்தியோடதா?" பியசீலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சிஸ்டர், அது நான்."

"மெதுவாப் பேசு."

"அப்ப எனக்குத்தானே."

"குசுமாவோடதும் நீதான். அது நல்லதுன்னு வந்திருக்கு. ஒரே நாள், ஒரே கட்டில், ஒரே ஆளு. ஒண்ணு மோசம், ஒண்ணு நல்லது. ரெண்டும் எப்பிடி உண்மையா இருக்கும்?"

"இருக்காதா?"

"இருக்காது. சிறிபாலவுக்குக் கண்ணு போச்சு. லெப்புல பிழை."

இரண்டும் உண்மையாக இருக்கும். குச்சி ஒரு சுற்றில் எல்லாவற்றையும் எடுத்துவிடாது. கெட்ட இடத்தைத் தொடாமலே வந்துவிடலாம். முதல் குச்சி வழித்துக்கொண்டு போனபின் இரண்டாவதில் மிச்சமே இல்லாமலும் போகலாம். அதனால்தான் நல்ல ரிப்போர்ட் வந்தாலும் அடுத்த முறை வரவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். இதைச் சிஸ்டரே மருத்துவச்சிகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறார். பியசீலி அந்த வகுப்பில் பிளேன்டி கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இன்னொண்ணு எடுத்துப் பாப்பமா சிஸ்டர்?" என்றாள்.

"யார் பேர்ல?"

தன் பெயரில் என்று சொல்லப் பியசீலிக்கு வாய் வரவில்லை.

"உன் பேர்ல அனுப்பி அதே மாதிரி வந்தா, கேள்வி வரும். நிலந்திக்குச் சதை எடுத்துப் பாத்தா ஒண்ணும் இருக்காது, உனக்கு இருக்கும். கேக்க மாட்டாங்களா? என் வேலை போகும். உன் வேலை இருக்குமா? விளக்கைத் திருப்பி வாங்குவாங்க, பேப்பர்ல போடுவாங்க. இந்தப் பகுதியில ஒரு பொம்பள இனிமே இந்தக் கட்டில்ல ஏறுவாளா, சொல்லு. அவ போயிட்டு வரட்டும். பெரிய டாக்டர் பாப்பாரு, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிடுவாரு. முடிஞ்சுது."

பியசீலி நல்ல ரிப்போர்ட்டை நம்ப முடிவு செய்தாள். பயத்தில் செய்த முடிவு. மோசமானதை நிலந்திக்கு விட்டுவிட்டாள். அவளை நினைத்து நான் அழுதிருக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் அவளை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நிலந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் பியசீலிதான். புருஷன் வர மறுத்துவிட்டான். கர்ப்பப்பை வாயில் கெட்ட அணு என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரோட போய் வாங்கிட்டு வந்தே?" என்பது. அவன் ஆட்டோ ஓட்டுபவன், ஸ்டாண்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நிலந்தி பஸ்ஸில் பியசீலியின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

"நான் ஒருத்தனோடயும் போகலக்கா. எனக்கு எப்பிடி வந்துச்சு?"

"வராது. ஒண்ணும் இருக்காது பாரு."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"என் கைராசி இருக்கில்ல."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அங்கே பல்லி இல்லை. இருப்பதாகச் சொன்னாள். பெரிய டாக்டர் வினிகர் தடவி, பெரிதாகக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரிய வேண்டும், எங்கேயும் வெள்ளை இல்லை. இருந்தாலும் நாலு இடத்தில் கிள்ளிச் சதை எடுத்தார். ஒவ்வொரு கிள்ளலுக்கும் நிலந்தியின் நகம் பியசீலியின் கையில் பதிந்தது.

சதை சுத்தம் என்று வந்தது.

அந்த டாக்டர் சோம்பேறியாக இருந்திருந்தால் நிலந்தி தப்பித்திருப்பாள். அவர் அப்படி இல்லை. கண்ணாடி மோசம், சதை சுத்தம், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் விடக்கூடாது என்பது முறை. லெப்புக்குப் போன் போட்டார். சிறிபால மாத்தயா கண்ணாடியை மறுபடி எடுத்துப் பார்த்தார், அவருக்கு மேலே உள்ளவரும் பார்த்தார். இருவரும் சந்தேகமே இல்லை என்றார்கள், கண்ணாடியில் இருப்பது மோசமேதான். அப்படியென்றால் தன் கிள்ளல்தான் இடம் தவறியிருக்கிறது என்று டாக்டர் தன்னையே சந்தேகித்தார். மறுபடி கூப்பிட்டார், இன்னும் உள்ளே சுரண்டி எடுத்தார். அதுவும் சுத்தம். எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அவ்வளவு கவனத்தையும் ஒரு தப்பான பெண்ணின் மேல் கொட்டினார்கள்.

கர்ப்பப்பை வாயை வட்டமாக வெட்டி எடுத்து முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அதற்கு முன் டாக்டர் ஒரு காரியம் செய்தார். முறைப்படி செய்ய வேண்டிய காரியம்தான். நிலந்தி உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே வந்து பியசீலியிடம் கேட்டார்.

"நீ அந்தக் கிளினிக்ல வேலை செய்யிற ஆள்தானே? இவளுக்குக் கண்ணாடி எடுத்த அன்னைக்கு நீ இருந்தியா?"

"இருந்தேன் டாக்டர் மாத்தயா."

"எதாவது குழப்பம் நடந்துச்சா? ஒருத்தரோட கண்ணாடி இன்னொருத்தர் பேர்ல மாறுறது, அப்பிடி? பயப்படாமச் சொல்லு. யாரையும் திட்ட மாட்டேன்."

அவர் காத்திருந்தார். உண்மையில் காத்திருந்தார், கடிகாரத்தைக் கூடப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் நிலந்தி வளையல்களைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல டாக்டர் மாத்தயா," என்றாள் பியசீலி. "எங்க கிளினிக்ல அப்பிடி நடக்கவே நடக்காது. பரிசெல்லாம் வாங்கியிருக்கு."

வெட்டினார்கள். ரத்தம் அதிகம் போனது, இரண்டு போத்தல் ஏற்றினார்கள். வெட்டிய துண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தபோது டாக்டருக்குக் குழப்பம். நிலந்திக்கு மட்டும் சந்தோஷம். இருந்ததெல்லாம் அந்தக் கிள்ளல்களோடும் சுரண்டலோடும் போய்விட்டிருக்கும் என்று யாரோ ஒரு நர்ஸ் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அதை வைத்துத்தான் புருஷன் வாயையும் அடைத்தாள். அடுத்த வருடம் அவள் நேர்ந்துகொண்ட பிள்ளை வயிற்றில் தங்கியது. ஐந்தாம் மாதம் ஒரு காலையில், காலர் தைத்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே நழுவிப் போனது. வெட்டிய வாய் பாரம் தாங்கவில்லை என்றார்கள். ஆண் பிள்ளை.

பியசீலி துக்கம் கேட்கப் போனாள். நிலந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பியசீலியும் அழுதாள். அந்த அழுகையில் எது யாருக்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அதற்குள் பியசீலிக்குத் தீட்டு இல்லாத நாளிலும் ரத்தம் படத் தொடங்கியிருந்தது. சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தீட்டு நிக்கிற வயசு. எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. இளநீர் குடி."

"வேற ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?"

"உனக்கு என்ன, நல்ல ரிப்போர்ட் வந்த ஆளு."

இளநீர் குடித்தாள். சிஸ்டருக்கு அந்த வருடம் பதவி உயர்வு வந்தது. கண்ணாடி திரும்பி வராமல் எப்படி எடுப்பது என்று மற்றக் கிளினிக்குகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. வழியனுப்பு விழாவில் அந்தச் சேவல் விளக்கைத்தான் ஏற்றினார்கள். பியசீலி முந்தின நாள் முழுக்கத் தேய்த்திருந்தாள். திரி போட்டு எண்ணெய் ஊற்றியதும் அவள்தான். இடுப்பு வலியில் நிமிர முடியாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் கண்ணாடிப் பெட்டி மடியில் இருந்து விழுந்தது. கண்டக்டர் பையன் குனிந்து எடுக்கப்போனால் இருக்கையில் இருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கேக் ஜோக் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னான்.

அதே பெரிய டாக்டர். இந்த முறை வினிகரும் தேவைப்படவில்லை, கண்ணாலேயே தெரிந்தது. கிள்ளிய சதையைப் பார்த்ததும் லெப் புற்று என்று சொல்லிவிட்டது. கண்ணாடிக்கும் சதைக்கும் இந்தத் தடவை ஒரு முரணும் வரவில்லை, கண்ணாடி என்று ஒன்று அவள் பெயரில் இருந்தால்தானே. தன்னிடம் படிக்கிற பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு டாக்டர் கேட்டார்.

"எத்தனை பேரைப் பிடிச்சுக் கட்டில்ல ஏத்தியிருப்ப? நீ ஒரு தடவை ஏற மாட்டியா? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கண்ணாடி எடுத்திருந்தா, வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்ப வெட்டுறதுக்கு இடமே இல்ல. பாருங்க பிள்ளைகளே, இதுதான் நம்ம நாடு. விளக்கைக் கையில வச்சுக்கிட்டு இருட்டுல இருக்கிறது."

ஒரு மாணவி சிரித்தாள். பியசீலியும் கொஞ்சம் சிரித்தாள், அது அவள் வழக்கம்.

புற்றுக்குக் கதிர் வைப்பதற்குக் கொழும்புப் பக்கம் அனுப்பினார்கள். எரிந்து கறுத்துத் திரும்பி வந்தவளை டவுன் ஆஸ்பத்திரி வார்டில் போட்டார்கள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சிஸ்டர் வரவில்லை. ஒரு பால்மா பாக்கெட் வந்தது, யாரோ டிரைவர் மூலமாக. தலகஹவெலவில் அவள் கைராசியைப் புகழ்ந்த பெண்களில் யாரும் வரவில்லை. இந்த நோய் பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது.

வந்தவள் நிலந்தி ஒருத்திதான். வேலை முடிந்து, பிளாஸ்கில் இலைக்கஞ்சி எடுத்துக்கொண்டு தினமும் வருவாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஊட்டுவாள். விரிப்பு நனைந்திருந்தால் முகம் சுளிக்காமல் மாற்றுவாள்.

"நீங்க அன்னைக்கு என் முழங்காலப் பிடிச்சதுக்கு இது என்னக்கா," என்பாள்.

ஒரு சனிக்கிழமையும் ஊட்டிக்கொண்டே பேசினாள்.

"நெனச்சா மனசு பதறுதுக்கா. உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. எனக்கு நேரத்தோட பிடிச்சுட்டாங்க. அந்தப் பிள்ளை போனாலும் என் உயிர் இருக்கு, மகளுக்கு அம்மா இருக்கேன். ஃபேக்டரியில எல்லாப் புள்ளைகள்கிட்டயும் சொல்றேன், போய்க் கண்ணாடி எடுங்கடி, என்னப் பாருங்கன்னு."

பியசீலி கஞ்சியை விழுங்கினாள்.

"குசுமா அக்காவைப் பாருங்க. அவளுக்குக் கொடுத்து வச்சது. மாசக் கணக்கா வெள்ளை படுது, புளிச்ச நாத்தம், முதுகு கடுக்குதுங்கிறா. ஆனா பயமே இல்ல. ரிப்போர்ட் நல்லதுன்னு வந்திருக்கே, அதப் புத்தர் படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, எனக்கெதுக்கு, நான் டெஸ்ட் எடுத்தவங்கிறா."

அடுத்த கரண்டிக்குப் பியசீலி வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடமாக மூடிக் கிடந்த வாய், சாவு தலைமாட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் மூடிக்கொள்ளத்தான் பார்த்தது. இந்தக் கஞ்சி போய்விடும், இந்த முகம் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தாள். வேறு முகம் அவளுக்கு இல்லை.

"அது குசுமாவோடது இல்ல நங்கி," என்றாள்.

"எது?"

"ரிப்போர்ட். கண்ணாடி என்னோடது. அவளோடது காஞ்சு போச்சு, வாளியில போட்டாச்சு. நான்தான் படுத்தேன்."

நிலந்தி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடதும் என்னோடதுதான். ரத்தம் பட்டுருச்சு. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் நான்தான். உனக்கு ஒண்ணும் இருந்ததில்ல. எனக்குத்தான் இருந்துச்சு. குசுமாவ யாரும் பாக்கவே இல்ல, அவளக் கூட்டிட்டு வா."

பக்கத்துக் கட்டில் கிழவி புரண்டு படுத்தாள். நிலந்தி அழுவாள் என்று பியசீலி எதிர்பார்த்தாள், அடித்தாலும் பரவாயில்லை என்று கூட நினைத்தாள். நிலந்தி மிகவும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"வெட்டுறதுக்கு முன்னால டாக்டர் வெளிய வந்து உங்ககிட்ட என்னமோ கேட்டாரு. திரைக்குப் பின்னால சரியா விளங்கல. இதத்தான் கேட்டாரா?"

"இதத்தான்."

"நீங்க இல்லன்னு சொன்னது மட்டும் விளங்குச்சு."

"சொன்னேன்."

"சொல்லிட்டு உள்ள வந்து என் முழங்காலப் பிடிச்சீங்க."

"பிடிச்சேன் நங்கி."

நிலந்தி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். போனில் அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "அக்கா, அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கிழி. ஏன்னு கேக்காத. அடுப்ப அணைச்சுட்டு இப்பவே கிளம்பு, நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

திரும்பி வந்தாள். பியசீலி தலையைக் கொஞ்சம் தூக்கினாள், கரண்டிக்கு வழக்கமாகத் தூக்குகிற மாதிரி. நிலந்தி பிளாஸ்கை எடுத்து, மிச்சமிருந்த கஞ்சியைக் கட்டிலுக்கு அடியில் இருந்த சட்டிக்குள் கவிழ்த்தாள். மூடியைத் திருகினாள். கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். நனைந்திருந்த விரிப்பைப் பார்த்தாள், தொடவில்லை. நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று கூடக் கேட்கவில்லை. நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"மேல பல்லி இருக்கும்," என்றாள். "அதப் பாத்துக்கிட்டுப் படுங்க."

செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. பியசீலி மேலே பார்த்தாள். பல்லி இல்லை, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து விரிப்பை மாற்ற மாலையாகிவிட்டது.